கொடி நட்ட இடம்

மூன்றாம் ஓலைக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை நடுவே ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. முதல் ஓலைக்கு எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவதுக்கு விசிறிக்கொள்வார்கள். மூன்றாவது முடிந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வாய் திறக்கிற பெண்ணுக்குப் பினாங்கில் வேறு கல்யாணம் நடக்காது, அவள் வீட்டாருக்கு முன்வரிசை பெஞ்சும் கிடைக்காது.

என் பெயரும் ரேமண்டின் பெயரும் இரண்டு முறை வாசிக்கப்பட்டுவிட்டன. சாமியார் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் அதற்கு முன்பே கேட்கப்பட்டு, பதில்கள் சொல்லப்பட்டு, எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. நாளை காலை ஏழு மணிப் பூசையில் மூன்றாவது ஓலை.

எனக்கு ஒரு தடை தெரியும். அதைச் சொல்ல வேண்டிய ஆளும் நான்தான். சொல்லாவிட்டால் பெண்கள் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் என் வேலை போனாலும் போய்விடும். அமலம்மாளின் மருமகளாகி, அவள் மகன் பேசுவதை மீதி ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் எனக்குப் பேச வராது. மதராஸில் பட்டத்துக்குப் படித்தபோது எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் முதலாவதாக வந்தேன். வாய்மொழித் தேர்வில், கையில் கொடுத்த இலையின் பெயர், குடும்பம், நரம்பமைப்பு எல்லாம் தெரிந்தும், தேர்வாளரின் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நல்லவர். "பரவாயில்லை" என்று அனுப்பிவிட்டார். அடக்கமான பெண் என்று பெயர் வாங்க எனக்கு அதிகச் சிரமம் தேவைப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலைக் கோல்ஃப் மைதானத்தில் கழிப்பது என் அண்ணன் லாரன்ஸின் ஆசை. அண்ணன் சுங்கத்துறையில் கிராணி, அதாவது குமாஸ்தா. அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தவர். அதை நான் மறந்துவிடுவேனோ என்ற பயம் அவருக்கு உண்டு; அதனால் அடிக்கடி நினைவூட்டுவார். ரேமண்ட் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. பெண் பார்க்க வந்த அன்று, காப்பி ஆறுவதற்குள், தான் மேனேஜர் துரையோடு கோல்ஃப் ஆடுவதாகச் சொல்லிவிட்டான். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. மாப்பிள்ளையின் குணத்தை அவர் விசாரிக்கவில்லை. கோல்ஃபை விசாரித்தார். எந்த நாளில் ஆடுவார்கள், துரை என்ன பேசுவார், ஆட்டம் முடிந்து என்ன குடிப்பார்கள் என்று. ரேமண்ட் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கடைசியில், "ஒரு நாள் உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போறேன் மச்சான்" என்றான். சொன்னதை மறந்திருப்பான். அண்ணன் மறக்கவில்லை.

மைதானம் ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் இருந்தது. முனிசிபாலிட்டி அந்த ஆண்டு, 1934இல்தான், அதைத் திறந்தது. வெள்ளைக்காரர்களின் கிளப் வேறு. அங்கே எங்களை வேலிக்கு வெளியே நின்றுகூடப் பார்க்க விடமாட்டார்கள். இது பொது மைதானம். சீட்டு வாங்கினால் யாரும் ஆடலாம். சொந்தக் கிளப் வைத்திருக்கும் மேனேஜர் துரை இங்கே எதற்கு வருகிறார் என்று அண்ணன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனக்குப் பிடிக்காத பதில் வரக்கூடிய கேள்விகளை அவர் கேட்பதே இல்லை.

நாங்கள் நான்கு பேர் போனோம். ரேமண்ட் முழங்காலுக்குக் கீழே பலூன் போல ஊதிய கால்சட்டை அணிந்திருந்தான். தோல் பையில் மூன்று மட்டைகள். பையின் மேல் வேறு யாருடைய பெயரோ இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. அவன் தாய் அமலம்மாள் அரக்குப் பட்டுச் சேலை கட்டி, கழுத்து நிறைய நகையோடு, ஞாயிறு பூசைக்கு வருவதுபோல் வந்திருந்தாள். குடை ஒரு கையில், அடுக்குத் தூக்குச்சட்டி மறுகையில். அண்ணன் ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். கழுத்தில் டையும் கக்கத்தில் பாயுமாக, அவர் கப்பலில் பறிமுதல் செய்த பாயோடு அலுவலகம் திரும்புகிறவர் போலிருந்தார்.

சீட்டுக் கொட்டகையில் காஜா மொய்தீன் என்பவர் இருந்தார். மைதானத்து மேற்பார்வையாளர். ஒல்லியானவர், காக்கிச் சட்டை. தமிழ் முஸ்லிம்களை எங்கள் ஊரில் 'நானா' என்று கூப்பிடுவோம். ரேமண்ட் அவரிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"எத்தனை பேரு ஆடுறீங்க?"

"நான் மட்டும். இவங்க பாக்க வந்திருக்காங்க."

"பாக்குறதுக்குச் சீட்டு இல்ல. மரத்தோரமா நடந்து வரணும். மட்டை தூக்க ஆள் வேணுமா? வழியும் காட்டுவான்."

"வேணாம் நானா. இந்தப் பாடாங் மைதானம் எனக்கு உள்ளங்கை மாதிரி."

"இதுக்கு முன்ன வந்திருக்கீங்களா?"

"என்ன கேள்விலா இது! கப்பல் கம்பெனி ரேமண்டுன்னா துரைமாருக்கெல்லாம் தெரியும்."

காஜா மொய்தீன் அவனுடைய கால்சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நான் துரை இல்லீங்களே. அதான் தெரியல," என்றார்.

பிறகு விதிகளை ஒப்பித்தார். பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும். பெயர்த்த மண்ணைத் திரும்ப வைத்து மிதிக்க வேண்டும். "கிரீனுல..." என்று அவர் ஆரம்பித்தபோது ரேமண்ட் கையை ஆட்டி, "தெரியும், தெரியும்," என்று நடந்துவிட்டான். அண்ணன் பெருமையோடு காஜா மொய்தீனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பின்னால் போனார்.

மைதானம் அழகாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு, அழகுக்கென்று சில தூங்குமூஞ்சி மரங்களையும் அங்சானா மரங்களையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஒரு சின்ன வெள்ளைப் பந்தை ஒரு சின்னக் குழிக்குள் தள்ளுவதற்கு மனிதனுக்கு இவ்வளவு நிலம் வேண்டியிருக்கிறது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனையையும் தூக்கி வைத்தாலும் இதில் ஒரு மூலைக்குக் காணாது. ஆடுகிறவர்கள் முகத்தைப் பார்த்தேன். கோவிலில்கூட அவ்வளவு பக்தியைப் பார்த்ததில்லை.

ரேமண்ட் பந்தை வைத்தான். மட்டையை எடுத்தான். தொப்பியைச் சரி செய்தான். பின்னால் ஒரு சீன டாக்டரும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். அவன் உடம்பை முறுக்கி ஓங்கி அடித்தான். புல்லோடு ஒரு மண்கட்டி பெயர்ந்து பறந்து போய் விழுந்தது.

"பாத்தியா தம்பி, எம்புட்டுத் தூரம்!" என்றாள் அமலம்மாள், அண்ணனிடம்.

"சபாஷ் மாப்ள!" என்று அண்ணன் கை தட்டினார்.

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. சீன டாக்டர் வானத்தைப் பார்த்தார். அவர் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். ரேமண்டுக்கு நெற்றி வேர்த்தது.

"இது சும்மா. கை பழகுறதுக்கு ஒரு அடி அடிக்கிறது," என்றான்.

"அப்படியா?" என்றார் அண்ணன், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் போல.

கை பழக இன்னும் சில அடிகள் தேவைப்பட்டன. பிறகு பந்து ஓணான் மாதிரி தரையோடு ஓடிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. ரேமண்ட் சீனத் தம்பதியைத் திரும்பிப் பார்த்து, "லேடிஸ் வந்தா வழி விடணும், அதுதான் முறை," என்று ஒதுங்கினான். அந்தப் பெண் வந்து நின்று, அலட்டிக்கொள்ளாமல் ஒரு அடி அடித்தாள். பந்து எழுந்து போனது. எங்கே விழுந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"முட்டி தெரிய உடுத்திக்கிட்டு நிக்கிறா பாரு," என்றாள் அமலம்மாள். "டாக்டர் பொண்டாட்டியாம்."

"ஆனா அத்தை, அந்தம்மா நல்லா அடிச்சாங்க," என்றார் அண்ணன்.

"காத்து அடிச்சிருக்கும்," என்றான் ரேமண்ட்.

முதல் குழிக்குப் போகும் வழியிலேயே அவன் பந்து புதருக்குள் போய்விட்டது. அவன் மட்டையால் செடிகளை விலக்கித் தேடினான். தொட்டாற்சிணுங்கி அவன் காலுறையைப் பிராண்டியது. நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கோல்ஃப் தெரியாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. மட்டையை இரவல் வாங்கி, வேலிக்கு வெளியே நின்று பார்த்ததை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். தெரியாமல் இருப்பது குற்றமில்லை. எனக்கும்தான் தெரியாது. ஆனால் தெரியாததை இவ்வளவு சத்தமாக ஒருவன் செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணனுக்கும் தெரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். தெரிந்திருந்தது. தெரிந்த விஷயத்தை அவர் எங்கோ உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். ஓலை இரண்டு வாசித்தாயிற்று. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. இனி மாப்பிள்ளை பந்தை வாயால் கவ்விக்கொண்டு ஓடினாலும் அண்ணன் கை தட்டுவார்.

"எனக்குக் காலு கடுக்குதுப்பா," என்றாள் அமலம்மாள். "எங்கயாச்சும் உக்காந்து சாப்பிட்டுட்டு ஆடு. பந்து எங்க போயிரும்?"

புதரைத் தாண்டிச் சிறு மேடு. அதில் ஏறியதும் அந்த இடம் தெரிந்தது. வட்டமான, வழுவழுப்பான புல்தரை. பாதி வெயில், பாதி தூங்குமூஞ்சி மரத்தின் நிழல். நடுவே ஒரு கழி, அதன் உச்சியில் ஒரு சிவப்புக் கொடி.

அமலம்மாளின் முகம் மலர்ந்தது. "அன்னம்மாள் திருநாள்ல மாதிரியே கொடி நட்டு வெச்சிருக்காங்க பாரு. குடும்பத்தோட உக்கார்ற இடம் இதானே?"

எங்கள் ஆட்கள் ஒவ்வோர் ஆண்டும் புக்கிட் மெர்தாஜாம் போய், அன்னம்மாள் கோவில் குன்றில் கொடி தெரியும் இடமாகப் பார்த்துப் பாய் விரித்துச் சாப்பிடுகிறவர்கள். கொடி என்றால் திருநாள். திருநாள் என்றால் சோறு. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. அவள் ரேமண்டைப் பார்த்தாள். ஆட்டக்காரன் அவன்தான்.

ரேமண்டின் முகத்தில் ஒரு கணம் சந்தேகம் வந்தது. போய்க் காஜா மொய்தீனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்றாகிவிடும்.

"இங்கதான்," என்றான். "ஆடுறவங்க வீட்டு ஆளுங்க ரெஸ்ட் எடுக்கிறதுக்காகவே புல்லை இப்படி வெட்டி வெச்சிருக்காங்க."

எனக்கு அது என்ன இடம் என்று தெரியும். மதராஸில் எங்கள் கல்லூரி வண்டி ஒரு கோல்ஃப் மைதானத்தைத் தாண்டித்தான் போகும். எங்கள் ஆங்கிலேயப் பேராசிரியை ஜன்னல் வழியே காட்டிக் காட்டி விளக்குவார். பந்து வந்து விழ வேண்டிய இடம் அது. அங்கே ஆட்டக்காரர்கள்கூட மெதுவாகத்தான் நடப்பார்கள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழக்கமான கூச்சம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதி, அவர்கள் பாயை விரிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

கழி பாய்க்கு இடைஞ்சலாக இருந்தது. ரேமண்ட் அதைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தான். அண்ணன் பாயை விரித்து மூலைகளைத் தட்டிவிட்டார். அமலம்மாள் உட்கார்ந்து, காலை நீட்டி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் மென்றபின் துப்ப இடம் தேடினாள். கழி இருந்த இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், உள்ளே தகரம் பதித்த சுத்தமான குழி ஒன்று இருந்தது.

"எல்லா வசதியும் பண்ணி வெச்சிருக்கான் வெள்ளைக்காரன்," என்று சொல்லி அதில் துப்பினாள்.

நான் குனிந்து புல்லைப் பார்த்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதபோது கீழே இருப்பதைப் பார்ப்பது என் பழக்கம். அறுகம்புல். வேறொன்றுமில்லை. மாட்டுக்குப் போடுவது, பிள்ளையாருக்கு வைப்பது. அதைத் தினமும் வெட்டி, தண்ணீர் விட்டு, யாரும் மிதிக்காமல் காவல் காத்து, அதற்கொரு ஆங்கிலப் பெயரும் வைத்திருக்கிறார்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடியிருந்தது. அந்தப் பிற்பகலில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

தூக்குச்சட்டியில் புளிச்சோறும் கோழிப் பொரியலும் இருந்தன. அமலம்மாள் பரிமாறினாள்.

"சாப்பிடும்மா லீனா. இப்படி இருந்தா எப்படி? பள்ளிக்கூடம் போயிப் போயி ஒடம்பு காஞ்சு கெடக்கு. எல்லாம் இந்த மாசத்தோட சரி."

நான் அவளைப் பார்த்தேன். வேலை பற்றி இதுவரை யாரும் என்னிடம் முடிவாகப் பேசியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தார்.

"பள்ளிக்கூட மதர்கிட்ட நான் பேசிட்டேன்," என்றான் ரேமண்ட், கோழிக்காலைக் கடித்துக்கொண்டே. "வியாழக்கிழமை போயிருந்தேன். லீனா இந்த மாசக் கடைசியோட நின்னுக்கும்னு சொல்லிட்டேன். அவங்க வேற டீச்சருக்குச் சிங்கப்பூருக்கு எழுதுறாங்களாம். மதருக்குக் கொஞ்சம் வருத்தந்தான். கல்யாணம்னா சும்மாவாலா?"

வாயில் வைத்த சோறு அப்படியே இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொன்னார்.

"நல்லதாப் போச்சு மாப்ள. அவளுக்கும் அதான் இஷ்டம். சொல்ல மாட்டா. வெக்கம்."

"பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கணும்," என்றாள் அமலம்மாள். "கேட்டதும் ஆமா ஆமான்னு தலையாட்டுறதுங்கள எனக்குப் பிடிக்காது."

எங்கள் வழக்கத்தில் பெண் தலையைக் குனிந்தால் சரி என்று அர்த்தம். நிமிர்ந்தால் திமிர் என்று அர்த்தம். வேண்டாம் என்பதற்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் சோற்றை விழுங்கினேன். மகரந்தச் சேர்க்கை பாடம் பாதியில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைக்காகப் பிள்ளைகளிடம் செம்பருத்திப் பூ கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் பந்து வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உயர எழுந்து, தூக்குச்சட்டியின் மூடியில் ணங்கென்று விழுந்து, புளிச்சோற்றில் உருண்டு நின்றது.

அமலம்மாள் "யேசுவே!" என்று அலறினாள். அண்ணன் தட்டோடு எழுந்தார். மேட்டின் மேல் ஒரு வெள்ளைக்காரரும் அவருக்கு மட்டை தூக்கும் ஒரு மலாய்க்காரரும் தோன்றினார்கள். வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்து, பாயைப் பார்த்து, பிடுங்கிக் கிடந்த கொடியைப் பார்த்தார். கோபப்படக்கூட இல்லை. வரவே மாட்டேன் என்பதுபோல் அங்கேயே நின்று, கொட்டகைப் பக்கம் திரும்பி விசில் அடித்தார்.

காஜா மொய்தீன் சைக்கிளில் வந்தார். சைக்கிளைப் புல் வட்டத்துக்கு வெளியே சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்தார்.

"யாரு வீட்டுக் கல்யாணம் இது?" என்றார். "பந்தக்கால் ஒண்ணுதான் பாக்கி. ஊனிக்கிறீங்களா? மண்வெட்டி கொண்டாரட்டா?"

"என்ன நானா, மரியாதையாப் பேசுங்க," என்றான் ரேமண்ட்.

"மரியாதையா? கப்பல் கம்பெனி ஐயா, உள்ளங்கை மாதிரி தெரியும்னீங்களே, உங்க உள்ளங்கையிலதான் சோறு தின்பீங்களா? இது கிரீனு. ஆறு மாசமாத் தண்ணி ஊத்தி வளத்திருக்கோம். இதுல குழந்தைகூடத் தவழக் கூடாது." குனிந்து குழியைப் பார்த்தார். "இதுல யாரு துப்புனது?"

அமலம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டாள். மூடிய உதட்டோரத்தில் சிவப்பு வழிந்திருந்தது.

"யாரோ முன்னாடி வந்தவங்களா இருக்கும்," என்றார் அண்ணன்.

"ஈரம் காயல ஐயா." காஜா மொய்தீன் நிமிர்ந்தார். "கேட்டுக்குங்க. இதைச் செகரட்டரி துரைகிட்ட நான் சொல்லியாகணும். யாரு கொடியப் பிடுங்கினது, யாரு பாய் போடச் சொன்னதுன்னு அவரு கேப்பாரு. அந்த ஆளு இனிமே இந்தப் பக்கம் காலெடுத்து வைக்க முடியாது. எங்க வேலை பாக்கிறாரோ அந்த ஆபீசு துரைக்கும் சேதி போயிரும்."

ரேமண்டின் கையில் இன்னும் கோழிக்கால் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மேட்டின் மேல் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் என்னைப் பார்த்த விதத்தில், என்ன செய்யப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நானா, இப்ப விஷயம் என்னன்னா," என்று குரலைத் தாழ்த்தினான். "இவங்க நான் கட்டிக்கப் போற பொண்ணு. மதராஸ்ல பாட்டனி படிச்சவங்க. பட்டதாரி. புல்லுன்னா பைத்தியம். இந்தப் புல்லை உக்காந்து பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். பொம்பளப் புள்ள. என்ன செய்றது?"

அமலம்மாள் வேகமாகத் தலையாட்டினாள். வாயைத் திறக்காமல்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கழுத்து டையைத் தொட்டார். இந்த முறையாவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அது தெரிந்தது. கஷ்டப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"ஆமாங்க. என் தங்கச்சிதான். தெரியாமப் பண்ணிட்டா. மன்னிச்சிருங்க."

காஜா மொய்தீன் என் பக்கம் திரும்பினார். என் வாயைப் பார்த்தார். வெற்றிலைச் சிவப்பு இல்லாத வாய். அமலம்மாளின் வாயையும் பார்த்திருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் துரையிடம் போய்ச் சொல்லவேண்டியவர். சரியாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் கவலை.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்களா பாய் போடச் சொன்னீங்க?"

"அவ பேச மாட்டா," என்றார் அண்ணன். "வெக்கப்படுவா. அதான் நான் சொல்லிட்டேன்ல."

"உங்களக் கேக்கல. அவங்களத்தான் கேக்கறேன். அவங்களுக்கு வாய் இருக்குதுல்ல?"

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். அவருக்கு என் மேல் இரக்கம் ஒன்றுமில்லை. முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. வெயிலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, பதில் வராமல் போகமாட்டேன் என்பதுபோல் காத்திருந்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வேறு ஒருவர் பதில் சொல்லிய பிறகும் என் பதிலுக்காகக் காத்திருந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தப் பிற்பகல் முழுவதும் இவர்களை உள்ளுக்குள் ஏளனம் செய்துகொண்டிருந்தேன். கால்சட்டையை, டையை, எச்சிலை. அதில் ஒரு வார்த்தைகூட அவர்கள் காதில் விழவில்லை. அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நாளைக் காலை ஏழு மணிக்குச் சாமியார் மூன்றாவது ஓலையை வாசிக்கும்போதும் நான் இப்படித்தான் உள்ளுக்குள் ஏளனம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காஜா மொய்தீனின் காலைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன்.

"நான் சொல்லல," என்றேன்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"புல்லைப் பாக்கணும்னு நான் சொல்லல. பாய் போடச் சொல்லல. குழியில துப்பல. கொடியப் பிடுங்கினது இவர்."

ரேமண்ட் சிரித்தான். "பயந்திருச்சு. என்ன பேசுறோம்னே தெரியல."

"லீனா, போதும்," என்றார் அண்ணன். "வாய மூடு. மத்தத வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல பேச முடியாது அண்ணே." என் குரல் இவ்வளவு உரக்க இருக்கும் என்று எனக்கே தெரியாது. மேட்டின் மேல் நின்ற இருவரும் திரும்பினார்கள். "வீட்டுல நீங்கதான் பேசுவீங்க. சாமியார் வீட்டுலயும் நீங்கதான் பேசுனீங்க."

"என்ன சொல்ற?" என்றார் அண்ணன்.

அமலம்மாளின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போன மாசம் சாமியார் என்னைத்தான் கேட்டாரு. இந்தக் கல்யாணத்துல ஒனக்குச் சம்மதமான்னு. ரெண்டு தடவ கேட்டாரு. நான் ஒண்ணுமே சொல்லல. அவளுக்கு வெக்கம் சாமி, சம்மதந்தான்னு நீங்க சொன்னீங்க. நான் சொல்லவே இல்ல. ஓலையில கேக்குற தடை இதுதான். எனக்குச் சம்மதம் இல்ல."